நாள் ஒதுக்குவதா, புகை பார்ப்பதா, காசு வாங்குவதா: நகரத்தில் கார்களைக் கட்டுப்படுத்த எது சரி?

2016 ஜனவரி 1, வெள்ளிக்கிழமை. டெல்லியில் ஒற்றை-இரட்டைத் திட்டம் தொடங்கிய நாள். ஒற்றைப்படைத் தேதியில் ஒற்றைப்படை எண்ணில் முடியும் கார்கள் ஓடலாம், இரட்டைப்படைத் தேதியில் மற்றவை. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை. மீறினால் 2,000 ரூபாய் அபராதம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விலக்கு. என் வண்டி எண் 7இல் முடியும். அதனால் முதல் நாள் எனக்குக் கொண்டாட்டம்தான். புத்தாண்டு வேறு, சாலை காலியாகக் கிடந்தது. அடுத்த திங்கள், 4ஆம் தேதி, மெட்ரோவில் நசுங்கிக்கொண்டு போனேன்.

அந்த வாரம் அலுவலகத்தில் டீ குடிக்கும்போது ஒருவர் கேட்டார்: "இதை வருஷம் முழுக்க வைத்துவிட்டால் என்ன பண்ணுவீர்கள்?" ஐந்து பேர் நின்றிருந்தோம். மூன்று பேர் யோசிக்கவே இல்லை. இரட்டை எண்ணில் பழைய மாருதி ஒன்று வாங்கிப் போட வேண்டியதுதான் என்றார்கள். அதில் ஒருவர் விலைகூட விசாரித்து வைத்திருந்தார். பஸ்ஸில் போவேன் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை, என்னையும் சேர்த்துத்தான்.

திட்டம் பதினைந்தே நாள் என்பதால் யாரும் எதுவும் வாங்கவில்லை. ஆனால் காற்று மாசைக் குறைக்கக் கார்களைக் கட்டுப்படுத்தும் எந்தத் திட்டத்தையும் எடைபோட அந்த டீ நேரக் கேள்வியே போதும் என்பது என் கட்சி. இந்த விதி நிரந்தரமானால் கார் வைத்திருப்பவர் அடுத்து எதை வாங்குவார்? இன்னொரு பழைய காரையா, புகை குறைந்த புதுக் காரையா, பஸ் பாஸையா?

உலகத்து நகரங்கள் நாலு வழிகளில் முயன்றிருக்கின்றன. நம்பர் பார்த்து நாள் ஒதுக்குவது ஒன்று. புகை பார்த்து வண்டியைத் தடுப்பது இன்னொன்று. நகருக்குள் நுழையக் காசு வாங்குவது மூன்றாவது. வாங்கும் இடத்திலேயே எண்ணிக்கைக்குக் கடிவாளம் போடுவது நாலாவது. டெல்லிக்கு எது ஆகும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

மெக்சிகோ சிட்டியின் இரண்டாவது கார்

நாள் ஒதுக்கும் வழிக்குப் பேர்போன ஊர் மெக்சிகோ சிட்டி. கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற இடத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் குளிர்ந்த காற்று கீழே தங்கிவிடும், அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்ளும். புகை மேலே போக வழி இருக்காது. டெல்லிக்காரர்களுக்கு இந்த மூடி நன்றாகவே தெரியும்.

1989 நவம்பர் 20ஆம் தேதி அங்கே 'ஓய் நோ சிர்குலா' தொடங்கியது. 'இன்று ஓடாது' என்று பொருள். எண்ணின் கடைசி இலக்கத்தைப் பொறுத்து ஒவ்வொரு காரும் வாரத்தில் ஒரு வேலைநாள், காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை, வெளியே வரக்கூடாது. 5, 6 என்றால் திங்கள். 7, 8 என்றால் செவ்வாய். என் வண்டி அங்கே இருந்திருந்தால் செவ்வாய்க்கிழமை வீட்டோடு.

அந்த ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் என்றுதான் கொண்டுவந்தார்கள். அப்புறம் நிரந்தரமாக்கிவிட்டார்கள். கணக்குப்படி ஐந்தில் ஒரு கார் சாலையில் குறைய வேண்டும். மக்கள் ஏமாற்றவும் இல்லை. அபராதம் கடுமை, வண்டியையே பறிமுதல் செய்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஏறக்குறைய எல்லோரும் விதிப்படிதான் நடந்தார்கள்.

அப்படியும் காற்று தெளியவில்லை. லூக்கஸ் டேவிஸ் என்ற பொருளாதார ஆய்வாளர் மணிக்கு மணி பதிவான அளவீடுகளை எடுத்துப் பார்த்து 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாசு குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றார். பெட்ரோல் விற்பனை குறையவில்லை. மெட்ரோவில் கூட்டம் கூடவில்லை. கூடியது கார்களின் எண்ணிக்கை, அதிலும் பழைய கார்கள். வேறு ஆய்வாளர்கள் கார்பன் மோனாக்சைடை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தபோது, தொடக்க மாதங்களில் அது குறைந்ததும், ஓராண்டுக்குள் பழைய அளவையும் தாண்டி ஏறியதும் தெரிந்தது. மக்கள் இரண்டாவது காரைத் தேடி வாங்க ஆன காலம் அவ்வளவுதான்.

உலக வங்கியில் எஸ்கெலாண்டும் ஃபெய்சியோலுவும் செய்த கணக்கு ஒன்று உண்டு. திட்டத்துக்கு முன்னால் மெக்சிகோ சிட்டியில் பழசான கார்கள் ஆண்டுக்குச் சுமார் 74,000 வெளியூர்களுக்கு விலைபோய்க்கொண்டிருந்தன. பெரிய நகரத்தில் புதிது வாங்குவார்கள், பழசு சின்ன ஊருக்குப் போகும். எல்லா நாட்டிலும் நடப்பதுதான். திட்டம் வந்தபின் போக்கு திரும்பிவிட்டது. வெளியூர்களிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 85,000 பழைய கார்கள் தலைநகருக்குள் வந்து சேர்ந்தன. மாசைக் குறைக்கப் போட்ட விதி, நாட்டின் புகை வண்டிகளைத் தலைநகருக்குள் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

வாரத்தில் ஒருநாள் தேவைக்காக வாங்கிய கார் மற்ற நாட்களில் சும்மா நிற்குமா? மகன் காலேஜுக்கு எடுத்துப் போவான். மனைவி, மைத்துனன் என்று யாராவது ஓட்டக் கற்றுக்கொள்வார்கள். புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிடிக் கன்வர்ட்டர் என்ற கருவி இல்லாத ஒரு பழைய கார் விடும் புகை, கன்வர்ட்டர் உள்ள பல கார்களின் புகைக்குச் சமம். 2008இல் சனிக்கிழமையையும் சேர்த்துப் பார்த்தார்கள். டேவிஸ் அதையும் ஆராய்ந்து, பலன் தெரியவில்லை என்று 2017இல் எழுதினார்.

இதை வைத்து நாள் ஒதுக்கும் விதி எங்கேயும் உதவாது என்று சொல்லிவிட முடியாது. ஈக்வடாரின் தலைநகர் கீட்டோவில் 2010இல் இதே மாதிரி ஒன்று வந்தது. நெரிசல் மிகுந்த நேரங்களில் கார்பன் மோனாக்சைடு 9 முதல் 11 சதவீதம் குறைந்ததாக ஆய்வு சொல்கிறது. அங்கே தடை காலையும் மாலையும் சில மணி நேரம்தான். முன்னாலோ பின்னாலோ கிளம்பிச் சமாளித்துவிடலாம் என்றால் யாரும் இன்னொரு கார் வாங்கும் அளவுக்குப் போக மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

டெல்லிக்கு வருவோம். 2016இல் இரண்டு சுற்று நடந்தது, ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று. சிகாகோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததில், ஜனவரியில் தடை இருந்த மணி நேரங்களில் பிஎம் 2.5 நுண்துகள் 14 முதல் 16 சதவீதம் குறைந்திருந்தது. ஏப்ரலில் எந்த வித்தியாசமும் இல்லை. குளிர்காலத்தில் புகை கீழேயே தங்குவதால் கொஞ்சம் குறைத்தாலும் தெரியும், வெயில் காலத்தில் காற்று எல்லாவற்றையும் கலைத்துவிடும் என்பது ஒரு காரணம். ஜனவரியில் பள்ளிகளை மூடி, பள்ளி பஸ்களைப் பொதுமக்களுக்கு ஓடவிட்டார்கள் என்பதையும் நான் சேர்த்துச் சொல்வேன். ஏப்ரலில் அது முடியவில்லை. 2019 நவம்பரில் மூன்றாவது சுற்று வந்தது, அபராதம் 4,000 ரூபாயாக ஏறியது.

மூன்று சுற்றிலும் இருசக்கர வண்டிகளுக்கு விலக்கு. பெண்கள் தனியாக ஓட்டினாலும் விலக்கு. இந்த விலக்கெல்லாம் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் சொன்னபோது, அரசு அந்த ஆண்டு நடத்த இருந்த திட்டத்தையே கைவிட்டது. டெல்லியில் பதிவான வண்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு பைக், ஸ்கூட்டர். அத்தனை பேரையும் ஒரே நாளில் பஸ்ஸில் ஏற்ற பஸ் எங்கே இருக்கிறது? ஐஐடி கான்பூர் டெல்லி அரசுக்காகத் தயாரித்த அறிக்கை, வாகனங்கள் விடும் பிஎம் 2.5இல் லாரிகளின் பங்கு 46 சதவீதம், இருசக்கர வண்டிகளின் பங்கு 33 சதவீதம், கார்களின் பங்கு 10 சதவீதம் என்றது. நாள் விதி பிடித்தது அந்தப் பத்தை மட்டும், அதிலும் பாதியை.

புகையைப் பார்க்கும் விதி

சிலியின் சான்டியாகோவும் மெக்சிகோ சிட்டி மாதிரியே மலைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஊர். அங்கே நம்பர் பார்த்து நாள் ஒதுக்குவது 1986இலேயே வந்துவிட்டது. ஆனால் 1992இல் ஒரு மாற்றம் செய்தார்கள். கேடலிடிக் கன்வர்ட்டர் பொருத்திய புதிய கார்களுக்குப் பச்சை முத்திரை ஒட்டி, தடையிலிருந்து விலக்கு கொடுத்தார்கள்.

பார்க்கச் சின்ன மாற்றம்தான். ஆனால் எங்கள் டீ நேரக் கேள்விக்குப் பதிலே மாறிவிடுகிறது. தடை தொந்தரவாக இருக்கிறதா? பழைய கார் இன்னொன்று வாங்கினால் அதுவும் தடைக்குள் மாட்டும். கன்வர்ட்டர் உள்ள கார் வாங்கினால் எல்லா நாளும் ஓட்டலாம். அதே எரிச்சல், அதே செலவு, காசு போகும் இடம் வேறு. சான்டியாகோவின் கார்கள் மற்ற ஊர்களைவிட வேகமாகச் சுத்தமானவையாக மாறியதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. மெக்சிகோவும் பிற்பாடு புகைச் சோதனையில் தேறிய வண்டிகளுக்கு விலக்கு கொடுக்கும் முறைக்கு வந்து சேர்ந்தது.

ஜெர்மனியில் 2008 ஜனவரி 1 முதல் பெர்லின், கொலோன், ஹனோவர் நகரங்களில் கண்ணாடியில் ஸ்டிக்கர்: சிவப்பு, மஞ்சள், பச்சை. படிப்படியாக இறுக்கி, 2010இல் பெர்லினின் நடுப்பகுதிக்குள் பச்சைக்கு மட்டும் அனுமதி என்றாக்கினார்கள். இந்த மாதிரிப் பகுதிகளில் பிஎம் 10 என்ற சற்றுப் பெரிய துகள் சுமார் 9 சதவீதம் குறைந்ததாக ஒரு ஆய்வுக் கணக்கு. லண்டன் தடுப்பதற்குப் பதில் காசு கேட்கிறது. 2019 ஏப்ரல் 8 முதல், தரத்துக்குக் கீழே உள்ள காரை நடுநகருக்குள் கொண்டுவந்தால் ஒருநாளைக்கு 12.50 பவுண்டு. தரம் என்பது ஐரோப்பியப் புகைத் தரம்: பெட்ரோல் காருக்கு யூரோ 4, டீசலுக்கு யூரோ 6. 2017 தொடக்கத்தில் அங்கே ஓடிய வண்டிகளில் 39 சதவீதம்தான் அந்தத் தரத்தில் இருந்தன. திட்டம் தொடங்கிய ஆண்டின் முடிவுக்குள் அது முக்கால் பங்கை எட்டியது. முன்கூட்டியே அறிவித்ததால் பலர் தொடங்குவதற்கு முன்பே வண்டியை மாற்றிவிட்டார்கள். 2023 ஆகஸ்ட் 29 அன்று மொத்த லண்டனுக்கும் விரித்தபோது பெரிய கூச்சல் எழுந்தது. பழைய காரை உடைக்கக் கொடுத்தால் 2,000 பவுண்டு வரை என்று சொல்லித்தான் கொஞ்சம் தணித்தார்கள்.

இந்த வழியின் வலி அங்கேதான். பழைய வண்டி வைத்திருப்பவர் பெரும்பாலும் காசு இல்லாதவர். இன்னொரு குறையும் உண்டு. பிரேக்கும் டயரும் தேய்வதால் பறக்கும் தூசு பச்சை ஸ்டிக்கர் ஒட்டினால் குறையாது.

2025 வரை டெல்லியில் இதன் முரட்டு வடிவம் ஒன்று இருந்தது. 10 ஆண்டு தாண்டிய டீசல், 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகள் ஓடக்கூடாது என்ற விதியை 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அப்படிப்பட்ட வண்டிகளுக்குப் பங்க்கில் எரிபொருளே போடக்கூடாது என்று கேமரா வைத்தார்கள். எழுந்த எதிர்ப்பில் சில நாட்களிலேயே நிறுத்தி வைத்தார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை, ஏனென்றால் அது புகையைப் பார்க்கவில்லை, பிறந்த தேதியைப் பார்த்தது. ஒழுங்காகப் பராமரித்து, வாரம் இரண்டு முறை எடுக்கும் பெட்ரோல் காரும், நாள் முழுக்க ஓடும் டீசல் வண்டியும் வயதை வைத்துத் தீர்ப்பு வாங்கின.

அப்புறம், விலக்கிய வண்டி எங்கே போகிறது? தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பழைய கார் தேடியவர்களுக்கு 'டெல்லி வண்டி' என்ற சொல் தெரிந்திருக்கும். எட்டொன்பது வருஷம் ஓடிய டீசல் கார், ஊர் விலையைவிட மலிவு, தடையில்லாச் சான்று வாங்கி இங்கே மறுபதிவு. மெக்சிகோ சிட்டி பழைய வண்டிகளை உள்ளே இழுத்தது, டெல்லி வெளியே தள்ளுகிறது. டெல்லிக்கு லாபம், வாங்கும் ஊருக்குப் புகை.

காசு வாங்குவது

ஸ்டாக்ஹோம் 2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை சோதனையாக நடத்திப் பார்த்தது. நடுநகர எல்லையைக் கடந்தால் நேரத்துக்கு ஏற்பக் கட்டணம். எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தன. சோதனை முடிந்து கட்டணத்தை நிறுத்தியதும் வண்டிகள் மறுபடி கூடின. அதற்குப் பின் செப்டம்பரில் வாக்கெடுப்பு. முதலில் பெரும்பாலோர் எதிர்த்த திட்டம் நகரவாசிகளிடம் கொஞ்ச வித்தியாசத்தில் வென்றது, 2007 ஆகஸ்ட் முதல் நிரந்தரமானது. வேண்டுமா என்று கேட்டுவிட்டு நடத்தாமல், நடத்திக் காட்டிவிட்டு வேண்டுமா என்று கேட்டது கெட்டிக்காரத்தனம்.

எனக்கு அதைவிடப் பிடித்த உதாரணம் மிலான். 2008இல் அங்கே வந்தது புகைக் கட்டணம், அதாவது இரண்டாவது வழி. அதிகப் புகை விடும் வண்டி காசு கட்டும், சுத்தமான வண்டிக்கு இலவசம். மக்கள் சுத்தமான வண்டிகளுக்கு மாறினார்கள். மாறியதும் காசு கட்டுபவர் குறைந்து நெரிசல் திரும்பிவிட்டது. அதனால் 2012 ஜனவரியில் ஏறக்குறைய எல்லாக் கார்களுக்கும் 5 யூரோ என்று மாற்றினார்கள். அந்தக் கோடையில் ஒரு நீதிமன்ற உத்தரவால் கட்டணம் சில வாரங்கள் நின்றுபோனது. ஆராய்ச்சியாளர்களுக்கு இப்படி ஒரு வாய்ப்பு லேசில் கிடைக்காது. நின்ற வாரங்களையும் நடந்த வாரங்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், கட்டணத்தால் மாசு 6 முதல் 17 சதவீதம் வரை குறைகிறது என்று தெரிந்தது.

காசு விதியில் இரண்டாவது கார் வாங்கி ஒரு பலனும் இல்லை. எந்தக் காரில் போனாலும் கட்டணம் ஒன்றுதான். பணக்காரர் கட்டிவிட்டுப் போவார் என்பது உண்மை. ஆனால் நாள் விதியிலும் அவர்தான் இரண்டாவது காரோடு போகிறார், அங்கே அரசுக்கு ஒரு காசு வருவதில்லை. இங்கே வரும் பணத்தில் பஸ்ஸாவது வாங்கலாம்.

வாங்கவே விடாதது

சிங்கப்பூர் பற்றி அங்கே உறவுக்காரர் இருக்கும் யாரும் கதை கதையாகச் சொல்வார்கள். 1990 முதல் கார் வாங்க வேண்டுமென்றால் முதலில் 'சிஓஇ' என்ற உரிமச் சான்றை ஏலத்தில் எடுக்க வேண்டும். பத்து ஆண்டுதான் செல்லும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்று 1,50,000 சிங்கப்பூர் டாலரைத் தொட்டது, கார் விலை அதற்கு மேல். 2018 பிப்ரவரி முதல் கார்களின் எண்ணிக்கை வளரவே கூடாது என்று பூஜ்ய வளர்ச்சியும் வைத்தார்கள். நூறு பேருக்குச் சுமார் பதினோரு கார்தான். கார் உடைமையைக் குறைப்பது மட்டுமே குறி என்றால் இதைவிடப் பலமான வழி இல்லை. ஆனால் அவ்வளவு கொடுத்து வாங்கியவர் வண்டியை ஷெட்டில் நிறுத்துவாரா? அதனால்தான் அங்கே 1975இலேயே தொடங்கிய சாலைக் கட்டணமும் கூடவே ஓடுகிறது.

ஷாங்காய் ஏலம் விடுகிறது. பெய்ஜிங் 2011 முதல் குலுக்கல் நடத்துகிறது, ஆயிரம் பேரில் ஒருவருக்குக்கூட எண் கிடைக்காத நிலை வந்து, நம்பருக்காகவே பொய்க் கல்யாணம் செய்தவர்களைப் போலீஸ் பிடித்தது. டெல்லியைச் சுற்றி நொய்டா, குர்கான், காசியாபாத் எல்லாம் வேறு மாநிலம். டெல்லியில் கடிவாளம் போட்டால் உத்தரப் பிரதேசத்திலோ ஹரியானாவிலோ பதிவு செய்துகொள்வார்கள். தீவு நாட்டுக்குச் சரிப்படுவது இங்கே எல்லையிலேயே ஒழுகிவிடும்.

டெல்லிக்கு நான் எதை எடுப்பேன்

நாள் விதியை நவம்பரிலிருந்து ஜனவரிக்குள், மூடி இறுகிப்போன பத்துப் பதினைந்து நாட்களுக்கு மட்டும், பள்ளி விடுமுறையோடு சேர்த்து. அதற்கு மேல் ஒருநாளும் நீட்டக்கூடாது. ஒவ்வொரு குளிர்காலமும் வரும் என்று மக்கள் நம்பத் தொடங்கினாலே இரண்டாவது கார் வந்துவிடும் என்ற பயம் எனக்கு உண்டு. ஆகவே தேதியை முன்கூட்டிச் சொல்லாமல் அறிவிக்க வேண்டும்.

நிரந்தர விதியாகப் புகைத் தரம். ஆரம்பம் ஏற்கெனவே இருக்கிறது. டெல்லி வண்டிகளின் கண்ணாடியில் எரிபொருளைக் காட்டும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம், பெட்ரோல், சிஎன்ஜிக்கு இளநீலம், டீசலுக்கு ஆரஞ்சு. மாசு மோசமாகும் நாட்களில் பிஎஸ் என்ற இந்தியப் புகைத் தரத்தில் பழசான பிஎஸ் 3 பெட்ரோல், பிஎஸ் 4 டீசல் கார்களை நிறுத்தும் ஏற்பாடும் நடைமுறையில் உண்டு. அதை மோசமான நாளுக்கு மட்டும் என்று வைக்காமல், வயதுக் கணக்கைக் கைவிட்டு, பிஎஸ் தரத்தை மட்டும் பார்த்து, எந்த ஆண்டு எந்தத் தரம் நிற்கும் என்று ஐந்தாண்டு அட்டவணையை இன்றைக்கே வெளியிட்டால், சான்டியாகோவில் நடந்தது இங்கேயும் நடக்கும். அடுத்த கார் வாங்கப்போகிறவர் அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் ஷோரூமுக்குப் போவார். இருசக்கர வண்டிகளையும் இதில்தான் சேர்க்க முடியும். இன்றைக்கு வைத்திருக்கும் ஸ்கூட்டரைப் பிடுங்காமல், அடுத்து வாங்குவது மின்சார ஸ்கூட்டராக இருக்கும்படி செய்வது. 33 சதவீதம் அங்கே கிடக்கிறது.

காசு விதியை லாரிகளிலிருந்து தொடங்கியாகிவிட்டது. 2015 நவம்பரில் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி டெல்லிக்குள் நுழையும் சரக்கு லாரிகளுக்குச் சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கட்டணம் வந்தது. எல்லைச் சாவடிகளில் அதை வசூலிக்கும் கருவியும் இருக்கிறது. கார்களுக்கு அதையே நடு டெல்லியின் கன்னாட் பிளேஸ் சுற்றுவட்டாரத்தில் ஆறு மாதம் சோதனையாக நடத்தி, ஸ்டாக்ஹோம் மாதிரி பிறகு கருத்துக் கேட்கலாம். மெட்ரோ நாலு பக்கமும் வந்து சேரும் இடம், கார் இல்லாவிட்டால் போக முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

என் 7இல் முடியும் கார் பிஎஸ் 3 பெட்ரோல். நான் சொல்லும் அட்டவணையில் முதல் ஆண்டே அது நின்றுவிடும்.